ஒரே சப்ளையரா, இரண்டா? தீயும் வெள்ளமும் வரும் என்று முதலிலேயே கணக்கு வைத்து வெண்டர்களை முடிவு செய்வது எப்படி

ஓசூர் பர்ச்சேஸ்

எல்லோருக்கும் வணக்கம். இருசக்கர வாகன பிரேக் பாகங்கள் செய்யும் நடுத்தரக் கம்பெனி ஒன்றில் பர்ச்சேஸில் இருக்கிறேன். புதிய மாஸ்டர் சிலிண்டர் (பிரேக் திரவத்தைத் தள்ளும் பாகம்) ஒன்றுக்கு இப்போதுதான் வெண்டர்களை முடிவு செய்துகொண்டிருக்கிறோம். வாடிக்கையாளர் ஆடிட்டுக்கு வந்தபோது, "சப்ளை நின்றால் என்ன செய்வீர்கள், எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மேலிடம் சொல்வது இது: அதிகப் பணம் போகும் ஏ வகைப் பொருள்களுக்கு மட்டும் இரண்டு சப்ளையர் போடு, மற்றதை விடு. அதன்படி அலுமினிய வார்ப்புக்கு இரண்டு பேர். ரப்பர் சீல், ஸ்பிரிங், சர்க்ளிப் எல்லாம் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஆள். அப்புறம் ஒரு எக்செல் ஷீட்டும் கேட்கிறார்கள். ஒவ்வொரு அபாயமும் நடக்க எத்தனை சதவீத வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு நஷ்டம், இரண்டையும் பெருக்கி வரிசைப்படுத்த வேண்டுமாம். சப்ளையர் ஷெட் தீப்பிடிக்க எத்தனை சதவீதம் என்று நான் யாரைப் போய்க் கேட்பேன்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாகோயாவாசி

தம்பி, பிரேக் பாகம் என்று சொன்னதால் நான் வாயைத் திறக்காமல் இருக்க முடியாது. நான் வேலை பார்க்கும் பகுதியில் இன்றும் பேசப்படும் கதை இது.

1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை அதிகாலை. ஜப்பானின் ஆய்ச்சி மாநிலம் காரியாவில், டொயோட்டாவின் சப்ளையர் ஐசின் செய்க்கியின் முதல் ஆலையில் தீ. அங்கே செய்தது பி-வால்வு. பின்சக்கர பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை அளவாக்கும் பாகம், கைப்பிடிக்குள் அடங்கும். விலையும் ஒரு காரில் கண்ணுக்குத் தெரியாத தொகை. டொயோட்டா வாங்கிய பி-வால்வுகளில் கிட்டத்தட்ட 99 சதவீதம் அந்த ஒரே ஆலையிலிருந்து வந்தது. ஒரு நாளைக்கு 32,000க்கு மேல். ஸ்டாக்? சில மணி நேரம் முதல் இரண்டு மூன்று நாள் வரை. ஜஸ்ட்-இன்-டைம் (தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் பாகம் வரவழைக்கும் முறை) கண்டுபிடித்தவர்கள் வேறு எப்படி வைத்திருப்பார்கள்! அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமையே லைன்கள் நிற்க ஆரம்பித்தன, புதன்கிழமை ஜப்பானில் டொயோட்டாவின் கார் உற்பத்தி ஏறக்குறைய முழுவதும் நின்றது.

இதுவரை எல்லோரும் சொல்வார்கள். அடுத்த பாதிதான் முக்கியம். ஐசின் தன் வரைபடங்களை, மிஞ்சிய கருவிகளை, மூலப்பொருளை எடுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. சுமார் 200 நிறுவனங்கள் ஏதோ ஒரு வகையில் இறங்கின. அறுபதுக்கு மேற்பட்டவை வால்வையே செய்தன. அவற்றில் தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனமும் ஒன்று. தீப்பிடித்து நான்கு நாளுக்குள் முதல் நல்ல வால்வுகள் வந்துவிட்டன, பத்து நாளில் உற்பத்தி ஏறக்குறையப் பழைய நிலை. அதற்குள் சுமார் 70,000 கார் தவறிப்போனது, பெரும்பகுதியை ஓவர்டைமில் பிறகு ஈடுகட்டினார்கள்.

இதைப் படித்துவிட்டு 'ஒற்றை சப்ளையர் ஆபத்து' என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். டொயோட்டா ஐசினை விடவில்லை. உங்கள் ஷீட்டில் நான் எழுதச் சொல்வது ஒரே கேள்வி: இந்தப் பாகத்தை இன்னொருவர் செய்ய ஆரம்பிக்க எத்தனை நாள் ஆகும்? மறந்துவிடாதீர்கள், மலிவான பாகம்தான் அன்றைக்கு அவர்களை நிறுத்தியது. உங்கள் ஏ, பி, சி வகைப்பாட்டில் பி-வால்வு எங்கே நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கணக்கு வாத்தியார்

நாகோயா நண்பர் முடித்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பாடம் எடுக்கிறவன், கொஞ்சம் நீளும்.

சதவீதம் தெரியாது என்று நீங்கள் சொல்வது நியாயம். யாருக்கும் தெரியாது. எம்.ஐ.டி.யில் டேவிட் சிம்சி லெவி குழு ஃபோர்டு நிறுவனத்துக்குச் செய்த கணக்கில் அந்தக் கேள்வியையே கேட்கவில்லை. ஒவ்வொரு சப்ளையர் இடத்துக்கும் இரண்டு எண்தான். ஒன்று மீளும் காலம்: அந்த இடம் முழுதாக நின்றுபோனால், அங்கேயோ வேறு இடத்திலோ மறுபடி பாகம் வர எத்தனை வாரம். இன்னொன்று தாக்குப்பிடிக்கும் காலம்: அந்தப் பாகம் வராமல் நம் லைன் எத்தனை வாரம் ஓடும். முதலாவது இரண்டாவதை விடப் பெரியதாக இருந்தால் அங்கேதான் ஓட்டை. தீயா, வெள்ளமா, வேலைநிறுத்தமா என்பதே தேவையில்லை. அப்படிக் கணக்குப் போட்டபோது, ஒரு சப்ளையரிடம் எவ்வளவு பணத்துக்கு வாங்குகிறோம் என்பதற்கும் அவர் நின்றால் வரும் நஷ்டத்துக்கும் பெரிதாகத் தொடர்பே இல்லை என்று தெரிந்தது.

உங்கள் ரப்பர் சீலுக்கே போட்டுப் பார்ப்போம். எண்கள் என் ஊகம், உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். வாரம் 10,000 சிலிண்டர், ஒன்றுக்கு இரண்டு சீல், ஆக 20,000. கையில் மூன்று வாரச் சரக்கு. சப்ளையரின் அச்சு எரிந்துபோனால் புது அச்சுக்கு 6 வாரம், சாம்பிள் சோதனை, வாடிக்கையாளர் ஒப்புதல் எல்லாம் இன்னொரு 6 வாரம். மீளும் காலம் 12, தாக்குப்பிடிப்பது 3. இடைவெளி 9 வாரம். சிலிண்டருக்கு 50 ரூபாய் லாபம் என்றால் வாரம் 5 லட்சம், 9 வாரத்துக்கு 45 லட்சம். வாடிக்கையாளர் லைன் நின்றதற்கு அனுப்பும் டெபிட் நோட்டை நான் சேர்க்கவே இல்லை.

இரண்டாவது அச்சு ஒன்று செய்து, வேறு ஊரில் வேறொருவரிடம் வைத்து, முன்கூட்டியே ஒப்புதலும் வாங்கிவிட்டால் மீளும் காலம் இரண்டு வாரம். அச்சு 3 லட்சம், 6 ஆண்டு உழைக்கும் என்றால் ஆண்டுக்கு 50,000. இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். 45 லட்சத்தை 50,000 ஆல் வகுத்தால் 90. அந்த ரப்பர் ஷெட் 90 ஆண்டுக்கு ஒருமுறைக்கும் குறைவாகத்தான் முழுதாக நிற்கும் என்று உங்கள் எம்.டி. கையெழுத்துப் போடத் தயாரா? தயார் என்றால் அச்சு வேண்டாம். இல்லை என்றால் வாங்குங்கள். துல்லியமான சதவீதம் தேவையே இல்லை, கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பது போதும்.

வார்ப்பட்டறை

கோயமுத்தூர்ல இருந்து. சார் கணக்கு அழகு, ஆனால் ஒரு சந்தேகம். சீல் ஒன்று 4 ரூபாய் என்று வையுங்கள். 9 வாரத்துக்கு 1,80,000 சீல், 7 லட்சத்து 20 ஆயிரம். 12 சதவீத வட்டி போட்டாலும் ஆண்டுக்கு 86,000 சொச்சம். அச்சை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். சீலைக் குடோனில் வாங்கிப் போட்டுவிட்டுத் தூங்கலாமே? எதற்கு இரண்டாவது வெண்டர், ஆடிட், சாம்பிள் என்று அலைச்சல்?

அப்புறம் என் வயிற்றெரிச்சல். நான் வார்ப்பு சப்ளை செய்கிறவன். 'இரண்டு சப்ளையர்' என்று பர்ச்சேஸ்காரர்கள் சொன்னால் எனக்கு அர்த்தம் என்ன தெரியுமா? 70க்கு 30 என்று பிரிப்பார்கள். 30 கிடைத்தவனுக்கு மெஷின் பாதி நாள் சும்மா நிற்கும், விலை மட்டும் 70 வாங்குபவனோடு சமமாகக் கேட்பார்கள். அவசரம் என்று வரும்போது "உடனே மூன்று மடங்கு கொடு" என்பார்கள். எதை வைத்து? ஆளையும் உலையையும் சும்மா வைத்துக் காத்திருக்க யார் காசு கொடுத்தார்கள்? பில் பாஸாகவே மாசக்கணக்கில் ஆகும். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருஷ வருமான வரியில்தான் கழிக்க முடியும் என்று சட்டமே வந்த பிறகும் சாக்குச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பூகம்பம், வெள்ளம் எல்லாம் அப்புறம். சப்ளையர் வங்கிக் கடனில் மூழ்கி ஷட்டரை இறக்குவதை எந்த எக்செல் ஷீட்டிலும் நான் பார்த்ததில்லை.

கணக்கு வாத்தியார்

பட்டறைக்காரரே, ஸ்டாக் பற்றி நீங்கள் கேட்டது ஆராய்ச்சிக்காரர்களே மோதிக்கொண்ட இடம். 2006இல் பிரையன் டாம்லின் இதை ஒழுங்காக ஆராய்ந்தார். நிறுத்தம் அடிக்கடி வந்து சீக்கிரம் போனால் ஸ்டாக் நல்லது. எப்போதாவது வந்து நீண்ட நாள் நின்றால் மாற்றுச் சப்ளையர் நல்லது, ஏனென்றால் வராத ஆபத்துக்காக ஆண்டாண்டாக மலைபோல் சரக்கைச் சுமக்க வேண்டியிருக்கும். உங்கள் ஊரிலேயே உதாரணம் உண்டு. 2012இல் கோவையில் பாதி நாளுக்கு மேல் மின்சாரம் இல்லாமல் பட்டறைகள் திண்டாடின. தினமும் வரும் நிறுத்தம், மணிக்கணக்கில் நீளும், முடிந்துவிடும். அதற்கு ஜெனரேட்டரும் கொஞ்சம் சரக்கும்தான் தீர்வு, இரண்டாவது வெண்டரும் அதே இருட்டில்தான் இருப்பார். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சென்னையில் கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் பக்கத்துப் பட்டறைகளில் புகுந்தது வேறு ரகம். மெஷினின் மோட்டாரும் கன்ட்ரோல் பேனலும் நீரில் மூழ்கினால் வாரக்கணக்கு, சிலருக்கு மாதக்கணக்கு.

ஆனால் 4 ரூபாய்ச் சாமானுக்கு நீங்கள் சொல்வதும் சரி. சுமக்கும் செலவு அவ்வளவு குறைவு. விலை உயர்ந்த வார்ப்புக்கு மாற்று டை (வார்ப்பு அச்சு), மலிவான சீலுக்குச் சரக்கு என்று பிரித்துக்கொள்வது தப்பில்லை. மேலிடம் சொன்னதற்கு நேர் எதிராக, சி வகைப் பொருளுக்குத்தான் ஸ்டாக் தாராளமாக வைக்கலாம்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. தேவை ஏறி இறங்குவதுதான் பிரச்சினை என்றால் சரக்கை ஒரே குடோனில் குவிப்பது லாபம் என்று பாடத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். இடையூறு பிரச்சினை என்றால் அது தலைகீழ். ஐந்து இடத்தில் பிரித்து வைத்தாலும் சராசரி நஷ்டம் ஏறக்குறைய அதேதான், ஆனால் ஒரே ராத்திரியில் எல்லாம் போகாது. செலவைக் குறைக்க எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்த கம்பெனிகள் பலவும் முதல் பாடத்தோடு நிறுத்திக்கொண்டவை.

மருந்து ஸ்டோர்ஸ்

அமெரிக்காவில் மருத்துவமனை மருந்துக் கிடங்குப் பக்கம் இருப்பவள். வாத்தியார் கடைசியாகச் சொன்னதற்கு எங்கள் துறையில் பெரிய சாட்சி இருக்கிறது. நரம்பில் ஏற்றும் சலைன் பை. உப்பும் தண்ணீரும்தான், ஒரு பை சில டாலர். லாபம் மெல்லியது, கிருமி இல்லாமல் செய்யும் ஆலைக்கு முதலீடு பெரியது. அதனால் சில ஆலைகளில் மட்டுமே செய்கிறார்கள். 2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவை அடித்தபோது அங்கிருந்த பாக்ஸ்டர் நிறுவனத்தின் ஆலைகள் முடங்கி, சின்னப் பைகளுக்கு நாடு முழுக்கத் தட்டுப்பாடு. செவிலியர்கள் மருந்தைச் சிரிஞ்சில் கையால் தள்ள வேண்டி வந்தது. ஏழு ஆண்டு கழித்து, 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலினா மலைப்பகுதியில் வெள்ளத்தைக் கொண்டுவந்து அதே நிறுவனத்தின் நார்த் கோவ் ஆலையை மூழ்கடித்தது. நாட்டின் சலைனில் சுமார் 60 சதவீதம் அங்கிருந்துதான். பல மருத்துவமனைகள் அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப்போட்டன.

எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து, முன்பே ஒருமுறை அடிபட்ட துறை. ஆனால் இரண்டாவது ஆலையின் செலவைப் பையின் விலையில் ஏற்ற எந்த வாடிக்கையாளரும் ஒப்பவில்லை. பட்டறை அண்ணா சொல்வதுதான் இங்கேயும். காத்திருக்கும் திறனுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

சிப் மாமா

எல்லோரும் கட்டடங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். தகவல் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதும் வடிவமைப்பில் சேர்த்திதான். 2000 மார்ச் 17, நியூ மெக்சிகோவின் அல்புகெர்க்கியில் பிலிப்ஸ் சிப் ஆலையில் மின்னலால் ஒரு சின்னத் தீ. பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். புகையும் தண்ணீரும் சுத்த அறையைக் கெடுத்துவிட்டன. ஒரு வாரம் தாமதம் என்றுதான் பிலிப்ஸ் முதலில் சொன்னது. அங்கே போன் சிப் வாங்கிய நோக்கியா அதை நம்பிச் சும்மா இருக்காமல் தினமும் துருவி, பிலிப்ஸின் மற்ற ஆலைகளின் திறனைப் பிடித்துக்கொண்டு, வேறு சப்ளையர்களையும் திருப்பிவிட்டது. அங்கேயே வாங்கிய எரிக்சன் விழித்தபோது மிச்சம் எதுவும் இல்லை. சுமார் 40 கோடி டாலர் விற்பனை போனது.

அடுத்த ஆண்டு எரிக்சன் போன் தொழிலில் சோனியோடு சேர்ந்ததற்கு இதையே காரணமாக்கிக் கதை சொல்வார்கள், அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன். எரிக்சன் போன்களுக்கு வேறு சிக்கல்களும் இருந்தன.

ஓசூர் பர்ச்சேஸ்

எல்லோருக்கும் நன்றி. சீல் பக்கம் கண் திறந்தது. ஆனால் வார்ப்புக்கு இரண்டு சப்ளையர் இருப்பதால் அதை முடிந்த விஷயமாக எடுத்துக்கொள்ளலாமா?

நாகோயாவாசி

கூடாது தம்பி. 2011 மார்ச் 11 பூகம்பம் இங்கே எல்லோருக்கும் அதைத்தான் காட்டியது. சப்ளை செயின் என்றால் பிரமிடு, கீழே போகப் போக விரியும் என்றுதான் கார் கம்பெனிகள் நினைத்திருந்தன. பார்த்தால் வைர வடிவம். மேலே பல டியர்-1 (நேரடி சப்ளையர்), அவர்களுக்குக் கீழே சில டியர்-2 (சப்ளையரின் சப்ளையர்), அதற்கும் கீழே ஒரே ஒரு ஆலை. இபராக்கியில் ரெனெசாஸின் நாகா ஆலை நின்றது, கார் கட்டுப்பாட்டுச் சிப்புகளுக்கு உலகமே தவித்தது, ஜூன் தொடக்கத்தில்தான் ஓரளவு மறுபடி ஓட ஆரம்பித்தது. அதைவிட வேடிக்கை சிராலிக் என்ற மினுமினுப்பு நிறமி. ஜெர்மனியின் மெர்க் அதை உலகத்திலேயே ஒரே இடத்தில், ஃபுக்குஷிமா மாநிலத்து ஓனஹாமாவில் செய்தது. ஃபோர்டு அமெரிக்காவில் சில கறுப்பு, சிவப்பு நிறக் கார்களுக்கு ஆர்டர் எடுப்பதைக் கட்டுப்படுத்த வேண்டி வந்தது. பெயின்ட் எத்தனை பேரிடம் வாங்கினால் என்ன!

2012 மார்ச் 31இல் ஜெர்மனி மார்ல் நகரில் எவோனிக் ஆலையில் வெடிவிபத்து, இரண்டு பேர் இறந்தார்கள். பிஏ-12 என்ற நைலானுக்கான மூலப்பொருள் அங்கே ஆனது. காரில் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் அந்த நைலான்தான். இரண்டரை வாரத்தில் டெட்ராய்ட் பக்கம் போட்டி நிறுவனங்கள் எல்லாம் ஒரே அறையில் உட்கார்ந்து மாற்றுப் பொருளுக்கு ஒப்புதல் கொடுக்கும் சோதனைகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. ஒப்புதலுக்கு ஆகும் காலம்தான் அங்கேயும் கழுத்தைப் பிடித்தது.

2011க்குப் பிறகு டொயோட்டா சப்ளையர்களுக்கும் கீழே யார், எந்த இடத்தில் என்று பட்டியல் எடுத்தது, சிப்புகளைச் சில மாதத்துக்கு வைத்திருக்கச் சொன்னது. 2021 தொடக்கத்தில் மற்ற கம்பெனிகள் சிப் இல்லாமல் நின்றபோது அவர்கள் ஓடினார்கள். ஆனால் அந்த ஆண்டு செப்டம்பரில் அவர்களும் திட்டத்தில் 40 சதவீதம் வெட்டினார்கள், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்டாக் நேரம் வாங்கித் தரும், அதற்கு மேல் இல்லை.

உங்கள் இரண்டு வார்ப்புக்காரர்களிடமும் கேளுங்கள்: அலாய் இங்காட் (உருக்கும் அலுமினியக் கட்டி) எங்கே வாங்குகிறீர்கள்? டை எங்கே செய்கிறீர்கள்? சீலுக்கு இரண்டாவது ஆள் போட்டால், ஈ.பி.டி.எம். ரப்பர் காம்பவுண்டை (அச்சில் போடும் ரப்பர் கலவை) இருவரும் ஒரே மிக்ஸிங் ஆளிடம் வாங்குகிறார்களா?

சிப் மாமா

இடம் மட்டும் இல்லை, நாடும் அப்படித்தான். 2025 ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றில் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதியைக் கட்டாயமாக்கியது. மின்வண்டி மோட்டாருக்குக் காந்தம் வாங்கிய இந்தியக் கம்பெனிகளில் பலருக்கு இரண்டு மூன்று சப்ளையர் இருந்தார்கள், எல்லோரும் ஒரே நாட்டில். ஆலைகள் நன்றாகத்தான் ஓடின, அனுமதிக் காகிதம்தான் நகரவில்லை. வாத்தியாரின் மீளும் காலத்துக்கு இங்கே என்ன எண் போடுவீர்கள்?

கணக்கு வாத்தியார்

எண் போட மாட்டேன், சிப் மாமா. எண் போட முடியாத இடத்தில் அந்தப் பாகமே தேவைப்படாத வடிவமைப்பைத்தான் தேட வேண்டும். அரிய மண் தேவைப்படாத ஃபெரைட் காந்தத்தில் ஓடும் மோட்டார் மாதிரி. எடை கூடும், திறன் கொஞ்சம் குறையும். அது பர்ச்சேஸ் மேஜையில் முடிகிற முடிவு அல்ல, டிசைன்காரர்கள் முதல் நாளே எடுக்க வேண்டியது.

ஓசூர் தம்பிக்கு இன்னொரு வழி. எல்லோரும் எல்லாவற்றையும் செய்யும்படி ஆக்க வேண்டியதில்லை. 1995இல் ஜோர்டன், கிரேவ்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளை வைத்துக் காட்டியது: ஒவ்வொரு ஆலையும் தன் மாடலோடு பக்கத்து ஆலையின் மாடலையும் செய்யக் கற்றுக்கொண்டு, அது வளையமாகச் சுற்றி வந்தால், முழு நெகிழ்வுத்தன்மையின் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். அவர்கள் பார்த்தது தேவையின் ஏற்ற இறக்கத்தை, ஆனால் யோசனை இங்கேயும் உதவும். உங்களிடம் நான்கு சீல் வெண்டர், நான்கு வகைச் சீல் இருந்தால் ஒவ்வொருவருக்கும் தன்னுடையதோடு இன்னொன்றுக்கு மட்டும் ஒப்புதல் வாங்கி வையுங்கள். 70க்கு 30 பிரிக்கவும் வேண்டாம், பட்டறைக்காரர் கோபமும் தணியும்.

வார்ப்பட்டறை

அது நல்ல யோசனை, தணிந்துவிட்டேன்! அவரவருக்கு அவரவர் முழு ஆர்டர், அவசரத்துக்குப் பக்கத்து ஆளுடையது. தம்பி, இரண்டாவது அச்சைச் செய்து அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது சின்ன லாட் ஒன்று ஓட்டச் சொல்லுங்கள். ஓடாத அச்சு துருப்பிடிக்கும், ஓட்டத் தெரிந்த ஆபரேட்டர் வேலை மாறிப் போயிருப்பார். அந்த லாட்டுக்குக் கொஞ்சம் அதிக விலை கொடுங்கள், அழாமல் கொடுங்கள். அச்சு யாருக்குச் சொந்தம் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள். சப்ளையர் திவாலானால் அச்சை வங்கி பிடித்து வைத்துக்கொள்ளும், பார்த்திருக்கிறேன்.

ஓசூர் பர்ச்சேஸ்

சரி, நான் மேலிடத்துக்குக் கொண்டுபோவது இது. சதவீதக் கட்டத்தை எடுத்துவிட்டு மீளும் வாரம், தாக்குப்பிடிக்கும் வாரம், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்றால் செலவு கட்டும் என்று மூன்று கட்டம். சீலுக்கு இரண்டாவது அச்சை ஒப்புதலோடு சேர்த்தே இப்போது வாங்குவது, ஏனென்றால் மாடல் புதிது, வாடிக்கையாளர் எப்படியும் சாம்பிள் சோதிக்கப்போகிறார். பிறகு கேட்டால் மாதக்கணக்கில் இழுப்பார். அச்சு ஒப்புதல் ஆகும் வரை மட்டும் கூடுதலாக 9 வாரச் சரக்கு, அப்புறம் குறைத்துக்கொள்ளலாம். கடைசிக் கேள்வி, ரப்பரை அவ்வளவு நாள் வைக்கலாமா?

வார்ப்பட்டறை

ரப்பர் என் தொழில் இல்லை, ஆனால் பக்கத்து ஷெட் ரப்பர்காரரைக் கேட்டுச் சொல்கிறேன். 9 வாரம் ஒன்றுமே இல்லையாம், ஒழுங்காக வைத்தால் வருஷக்கணக்கில் நிற்கும். உற்பத்தித் தேதி ஒட்டி, பழையது முதலில் போகிற மாதிரி அடுக்குங்கள். வெயில் படாத இடம், கவர் பிரிக்காமல். முக்கியமானது, ஈ.பி.டி.எம். மேல் கிரீஸ், மெஷின் ஆயில் பட்டால் ஊதிப்போய்விடும், பிரேக் சீலுக்கு அது விஷம். மெயின்டனன்ஸ் ஸ்டோர்ஸ் அலமாரியில் இடம் காலி என்று அங்கே தள்ளிவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.